உப்புத் தண்ணி வீட்டுக்காரர்களின் கேள்விகள்

சென்னையில் வீடு பார்க்கப் போனால் வாடகையைக் கேட்பதற்கு முன்பே கேட்பது, "தண்ணி எப்படிங்க, உப்பா?" கரிப்பு, கடினம், செங்காவிக் கறை எல்லாவற்றையும் இந்த 'உப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வந்திருக்கும் கேள்விகளில் பாதி இந்தக் குழப்பத்தில் பிறந்தவை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டி.டி.எஸ். மீட்டரில் எங்கள் போர் தண்ணீர் 1,100 காட்டுகிறது. சாஃப்ட்னர் போட்டால் குறையுமா? (மடிப்பாக்கம்)

குறையாது. போட்ட பிறகும் ஏறக்குறைய அதே எண்தான் காட்டும். பணம் போய்விட்டதே என்று பலர் பதறுவது இங்கேதான்.

மீட்டர் அளப்பது கடினத்தை அல்ல. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் மொத்த உப்புக்கும் ஒரு மதிப்பைச் சொல்கிறது. கடினம் என்பது அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்ற தனிக் கணக்கு. ஒரே 1,100 காட்டும் இரண்டு கிணறுகளில் ஒன்றில் சோப்பு நன்றாக நுரைக்கும், இன்னொன்றில் தயிர் திரிந்த மாதிரி மிதக்கும். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாக சோடியத்தை விடுகிறது. உப்பு ஆள் மாறுகிறதே தவிர வெளியே போவதில்லை. மொத்தத்தையும் குறைப்பது ஆர்.ஓ.தான். அதைக் குடிக்க, சமைக்க வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்து ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர் என்று பாதி அளவு ஊற்றுங்கள். குளியல் சோப்பை நகத்தால் சுரண்டி இரண்டிலும் ஒரே அளவு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். சோப்புத்தூள், ஷாம்பு வேண்டாம், அவை கடினத்திலும் நுரைத்து ஏமாற்றும். போர் தண்ணீர் பாட்டில் கலங்கி, மேலே நுரைக்குப் பதிலாக ஆடை கட்டினால் கடினம் உறுதி.

எவ்வளவு என்று தெரிய ஆய்வகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். முடிவுத் தாளில் 'மொத்தக் கடினம்' என்ற வரியைப் பாருங்கள். ஐ.எஸ். 10500 தரத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மி.கி. வரை நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தாள் கைக்கு வரும்வரை எந்த இயந்திரத்துக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஐந்து விசில் விட்டும் பருப்பு வேகவில்லை. பருப்பு மட்டமா, தண்ணீரா? (மேடவாக்கம்)

பெரும்பாலும் தண்ணீர்தான். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்தால் அது இன்னும் இறுகிவிடும். எத்தனை விசில் விட்டாலும் மலராது. ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஆர்.ஓ. தண்ணீரையோ மெட்ரோ வாட்டரையோ எடுங்கள். கழுவுவதற்கு போர் தண்ணீர் போதும். சோடா மாவு போட்டால் வெந்துவிடும், ஆனால் பருப்பில் இருக்கும் பி1 சத்து அழியும். என் அம்மா ஐப்பசி மழையில் முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த தண்ணீரைத் துவரம்பருப்புக்கென்றே மூடி வைப்பார். அந்தப் பருப்பைக் கரண்டிக் காம்பால் தொட்டாலே மசிந்துவிடும்.

அதே தண்ணீரில் பருப்பு வெகுநாள் வெந்துகொண்டிருந்து திடீரென்று வேகவில்லை என்றால் மட்டும் பழைய பருப்பா என்று பாருங்கள்.

வருடத்துக்கு ஒரு கீசர் காயில் மாற்றுகிறோம். (பள்ளிக்கரணை)

பெரும்பாலான உப்புகள் சூட்டில் நன்றாகக் கரையும், சுண்ணாம்பு அதற்கு நேர்மாறு. சூடு ஏற ஏறத் தண்ணீரிலிருந்து பிரிந்து, எங்கே அதிகச் சூடோ அங்கே போய் ஒட்டும். அந்த இடம் காயில்தான். மேலே ஓடு கட்டியதும் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே நின்று அதைப் பொசுக்கிவிடும். கீசருக்குள் கடகடவென்று சோளம் பொரிவது மாதிரி சத்தம் கேட்டால் ஓடு தடித்துவிட்டது என்று அர்த்தம்.

தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். இந்த ஒன்றிலேயே படிவு நன்றாகக் குறையும். வருடம் ஒருமுறை, கார்த்திகை குளிர் தொடங்கும் முன், மின்பணியாளரை வைத்துக் காயிலைக் கழற்றச் சொல்லுங்கள். வெந்நீரில் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஊறப்போட்டால் பொங்கிப் பொங்கி ஓடு உதிரும். சுத்தியலால் தட்ட விடாதீர்கள், காயிலின் மேல் குழாய் கீறினால் ஷாக் அடிக்கும். உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியையும் அப்போதே பாருங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் தன்னை அரித்துக்கொடுப்பது அதுதான். பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். காயில் போனால் காயிலோடு போகும், டேங்க் ஒழுகினால் கீசரே போய்விடும்.

இந்த ஊருக்கு வந்த பிறகு முடி கொட்டுகிறது. தண்ணீர் காரணமா? (திருநெல்வேலியிலிருந்து வேளச்சேரிக்கு வந்தவர்)

கடின நீர் முடியை வறட்டி, சிக்காக்கி, நடுவில் உடைக்கும். வேரோடு பிடுங்காது. சீப்பில் வரும் முடியை வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து வந்தது. அதற்கு இரும்புச்சத்து, தைராய்டு, ஊர் மாறிய மனக்கவலை என்று வேறு காரணங்கள் இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். துண்டு துண்டாக இருந்தால் தண்ணீரைச் சந்தேகப்படலாம்.

குளியல் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள், கடின நீரில் அது பிசினாகி முடியில் அப்பும். சீயக்காயின் நுரை சோப்பைப் போலத் திரியாது. கடைசி இரண்டு செம்பு மட்டும் நல்ல தண்ணீரில் அலசினால் வித்தியாசம் தெரியும்.

சிறுநீரகக் கல் வருமா?

கடின நீரால்தான் கல் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சுவை பிடிக்காமல் குறைவாகக் குடித்தால்தான் ஆபத்து. ஏற்கெனவே கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

படிகாரம் போட்டால்? குழாயில் காந்தம் கட்டினால்?

படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைப்பவை. தெளிவாக இருக்கும் கடின நீரில் அவற்றுக்கு வேலையில்லை. காந்தம் கால்சியத்தை வெளியே எடுப்பதே இல்லை. கட்டிய பிறகும் ஆய்வகத்தில் அதே அளவுதான் வரும். வேண்டாம்.

டைல்ஸில் வெள்ளைக் கறை. ஆசிட் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். டைல்ஸ் இடுக்கை அரிக்கும், குழாயின் பளபளப்பைக் கறுக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட பாத்ரூமில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பி உயிருக்கே ஆபத்து. வினிகரை நனைத்த துணியைக் கறைமேல் அரைமணி போட்டுத் தேயுங்கள். வினிகரும் பிளீச்சிங் பவுடரோடு சேரக்கூடாது. மார்பிள், கடப்பாக்கல்லில் இரண்டுமே படக்கூடாது. ஷவர் தலையைக் கழற்றி இரவு முழுவதும் வினிகரில் ஊறவையுங்கள்.

நாற்பது வீட்டு அடுக்ககம். பொதுவாக ஒரு சாஃப்ட்னர் போடலாம் என்கிறார்கள். (மேற்குத் தாம்பரம்)

போடலாம், கணக்குத் தெரிந்து போடுங்கள். கடினத்தில் 100 மி.கி. எடுத்தால் லிட்டருக்கு 46 மி.கி. சோடியம் ஏறும். 600-ஐ 100 ஆக்கினால் 230 மி.கி. ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அதைக் குடிக்கக்கூடாது. துளசிக்கும் தொட்டிச் செடிக்கும் ஊற்றக்கூடாது, மண் இறுகிவிடும். அதனால் சமையலறைக்கும் தோட்டத்துக்கும் தனிக் குழாய் கேளுங்கள்.

அடுத்தது உப்பு. சாஃப்ட்னருக்குள் கால்சியத்தைப் பிடிப்பது ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள். அவை நிரம்பியதும் உப்பு நீரால் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். 1,000 லிட்டருக்கு அந்த 500-ஐ எடுக்க ஏட்டுக் கணக்கில் சுமார் 600 கிராம். நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் செலவாகும். தினம் 20,000 லிட்டர் என்றால் மாதம் பல மூட்டை. பராமரிப்புத் தொகையை முடிவுசெய்யும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெசினைக் கழுவிய அந்த உப்பு நீர் எங்கே போகிறது என்று கட்டாயம் போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஓர் அடுக்ககத்தில் அந்தப் பைப்பை மழைநீர்க் குழியிலேயே விட்டிருந்தார்கள். குழிக்குப் பத்தடியில் அவர்களுடைய போர். குழியின் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் கரித்துக்கொண்டே வருகிறது என்று என்னைக் கூப்பிட்டதும் அவர்கள்தான்.

மழைநீர் சேகரித்தால் கடினம் குறையுமா?

குறையும், நானே அளந்து பார்த்திருக்கிறேன். மழையில் கால்சியம் கிட்டத்தட்டக் கிடையாது. இறங்கும் இடத்தில் பழைய தண்ணீரை நீர்க்கச் செய்கிறது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயமானது. அப்போது போட்ட குழிகள் பல இன்று சேறு அடைத்து, மேலே டைல்ஸ் போட்டுக் கிடக்கின்றன. புரட்டாசிக்குள் மூடியைத் திறந்து சேற்றை வாரி, ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். மொட்டைமாடித் தண்ணீரை நேரே போருக்குள் விடாதீர்கள். பக்கத்துக் குழியில் விட்டு மண் வழியே இறங்க விடுங்கள், பழைய கிணறு இருந்தால் ஜல்லி, மணல் தொட்டியில் வடிகட்டி அதில் விடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே ஓடவிடுங்கள்.

மே மாதம் ஒரு தடவை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு தடவை, அதே குழாயிலிருந்து தண்ணீர் பிடித்துச் சோதியுங்கள். இரண்டு எண்களையும் மோட்டார் ரூம் சுவரில் எழுதி வையுங்கள்.