சேலத்தில் ஒரு நாள்: பொம்மைக் கடைகளைத் தாண்டி எதைப் பார்ப்பது?

கேள்வி: மகன் பாஸ்டனில் வேலை பார்க்கிறான். அக்டோபரில் மூன்று வாரம் அவனோடு தங்கப் போகிறோம். பக்கத்தில் சேலம் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது, ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்கிறான். எனக்கு 66 வயது; கணவருக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம். கார் இல்லாமல் போக முடியுமா? சூனியக்காரி பொம்மைகளைத் தவிர அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கார் இல்லாமல் போகலாம். அக்டோபரில் கார் இல்லாமல் போவதுதான் புத்திசாலித்தனம். பார்க்கவும் நிறைய இருக்கிறது. அதில் பாதி இலவசம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் தேதியை முடிவு செய்யுங்கள்.

பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம், 1692-ல் நடந்த சூனிய வழக்கால் பேர்பெற்ற ஊர். அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 44,000. 1982-லிருந்து அக்டோபர் முழுக்க அங்கே ஹாலோவீன் திருவிழா நடக்கிறது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் பத்து லட்சம் பேர் வந்து போகிறார்கள். சனி, ஞாயிறுகளில் எசெக்ஸ் தெருவில் நடக்கவே இடம் இருக்காது. கழிப்பறைக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, திரும்பும் ரயிலுக்கும் வரிசை. முழங்கால் வலிக்காரர் அங்கே மணிக்கணக்கில் நின்றால் அதற்குப் பிறகு எதையும் ரசிக்க மாட்டார். அதனால் மாதத்தின் முதல் பாதியில் ஒரு வியாழக்கிழமையாகப் பாருங்கள். ஊரின் முக்கியமான அருங்காட்சியகமான பீபடி எசெக்ஸ் மியூசியத்துக்கு வழக்கமாகச் செவ்வாயும் புதனும் விடுமுறை என்பதால்தான் வியாழன் என்கிறேன். ஹாலோவீன் நாளான 31-ஆம் தேதி வேண்டவே வேண்டாம். பயணத்தை நவம்பர் முதல் வாரத்துக்குத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது. மரங்களில் நிறம் கொஞ்சம் மிச்சமிருக்கும், கூட்டம் வடிந்திருக்கும்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். அமெரிக்காவில் சேலம் என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. ஓரிகன் மாநிலத்தின் தலைநகரமே சேலம்தான், ஆனால் அது நாட்டின் மறுகோடியில் இருப்பதால் யாரும் ஏமாறுவதில்லை. ஏமாற்றுவது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சேலம். அதுவும் பாஸ்டனுக்கு வடக்கே, ஒரு மணி நேரத்துக்குள் போகும் தூரத்தில் இருக்கிறது. மேப்பில் அவசரமாகத் தேடினால் அங்கே இழுத்துப் போய்விடும். ஓட்டல் அறை போடுவதாக இருந்தாலும் மாநிலத்தின் பெயரைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள்.

ரயில் நார்த் ஸ்டேஷனிலிருந்து புறப்படும். சவுத் ஸ்டேஷன் இல்லை. இரண்டும் ஊரின் இரண்டு பக்கத்தில் இருக்கின்றன, மாறிப் போனால் ரயிலைத் தவறவிடுவீர்கள். நியூபரிபோர்ட் அல்லது ராக்போர்ட் போகும் எந்த ரயிலும் சேலத்தில் நிற்கும். பயணம் அரை மணி நேரம். ஒரு வழிக்கு 8 டாலர் அளவில் ஆகும். சனி, ஞாயிறில் போயே ஆகவேண்டிய கட்டாயம் வந்தால், அந்த இரண்டு நாளும் எத்தனை முறையும் போய்வர 10 டாலர் வார இறுதி டிக்கெட் உண்டு. போனில் எம்பிடிஏ (பாஸ்டன் வட்டாரப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) டிக்கெட் செயலியிலேயே வாங்கிவிடலாம். காலை 9 மணிக்குள் ஏறிவிடுங்கள். பாஸ்டன் துறைமுகத்திலிருந்து படகும் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை ஓடும், ஒரு மணி நேரம் பிடிக்கும். கடல் வழியாக அந்த ஊருக்குள் நுழைவதுதான் முறை என்றாலும், அக்டோபர் காற்றில் மேல்தளத்தில் உட்கார வேண்டாம்.

சேலம் ஸ்டேஷனில் மேடையும் ரயில் பெட்டியும் ஒரே மட்டத்தில் இருக்கும், லிஃப்டும் உண்டு. அங்கிருந்து ஊரின் நடுப்பகுதி பத்து நிமிட நடை. ஊர் முழுக்கச் செங்கல் பாவிய பழைய நடைபாதைகள். மர வேர்கள் அவற்றை ஆங்காங்கே தூக்கி விட்டிருக்கும். கணவர் செருப்பு போடாமல், அடி பட்டையான ஷூ போட்டுக்கொண்டு வரட்டும். ஸ்டேஷனிலிருந்து கடலோர முனை வரை ஒன்றரை கிலோமீட்டர் போல வரும். அதை ஒரே மூச்சில் நடக்காமல், வழியில் உள்ள இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து போகிற மாதிரி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். சேலம் ஸ்கிப்பர் என்று நகராட்சி வேன் சேவையும் உண்டு, செயலியில் பதிவு செய்தால் வரும். கூட்ட நாளில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சூனிய வழக்கைப் பற்றி நான்கு வரி தெரிந்துகொண்டு போனால் ஊர் புரியும். 1692-ல் 150-க்கும் மேற்பட்டவர்கள் மீது சூனியக் குற்றம் சாட்டினார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் நீதிமன்றத்தில் பதில் சொல்ல மறுத்ததால், படுக்கவைத்து மேலே கல் ஏற்றியதில் செத்தார். சிறையிலேயே இறந்தவர்கள் குறைந்தது ஐந்து பேர். யாரையும் எரிக்கவில்லை, எரித்ததாகச் சொல்பவர் ஐரோப்பியக் கதையோடு குழப்பிக்கொள்கிறார். பின்னாளில் அரசே இவர்கள் நிரபராதிகள் என்று ஒப்புக்கொண்டது. பறக்கும் துடைப்பமும் கூம்புத் தொப்பியும் இந்த இருபது பேருக்குச் சம்பந்தமே இல்லாத கடைச்சரக்கு.

இதற்கு அந்த ஊரில் உருப்படியான ஓர் இடம் உண்டென்றால், அது 1992-ல் சார்ட்டர் தெரு இடுகாட்டை ஒட்டிக் கட்டிய நினைவிடம். டிக்கெட் கிடையாது. கற்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இருபது கல் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், எப்படிச் செத்தார், எந்தத் தேதி, அவ்வளவுதான். ‘ப்ரிட்ஜெட் பிஷப், தூக்கு, ஜூன் 10, 1692’ என்பது முதல் சாவு. உள்ளே நுழையும்போது காலடியைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் நான் நிரபராதி என்று மன்றாடிய சொற்களைத் தரைக்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். வாக்கியம் முடிவதற்குள் சுவர் குறுக்கிட்டு வெட்டிவிடும். பெரும்பாலோர் அதை மிதித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பலகைகள் உட்காரும் உயரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பூவும் நாணயமும் வைக்கிறார்கள், கால் வலித்தாலும் அங்கே உட்காராமல் இருப்பதே மரியாதை.

பக்கத்து இடுகாடு 1637-ஆம் வருடத்தது. கருங்கல் போலத் தெரியும் மெல்லிய ஸ்லேட் கற்களில், சிறகு முளைத்த மண்டையோடு செதுக்கியிருக்கும். அந்தக் காலத்துக் கைவேலை அது. கல்லைத் தொடவோ அதன்மேல் தாள் வைத்துத் தேய்த்துப் படி எடுக்கவோ கூடாது. ஸ்லேட் தகடு தகடாக உரிந்துவிடும். வழக்கை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாத்தோர்னும் இங்கேதான் இருக்கிறார். காலை வெளிச்சத்தில் எழுத்து நன்றாகத் தெரியும், அதனால் இதை முதலில் பாருங்கள்.

டிக்கெட் வாங்கும் இடங்களில் கவனம் தேவை. சேலம் விட்ச் மியூசியம் என்பது பெயரில்தான் அருங்காட்சியகம். இருட்டு மண்டபத்தில் உட்கார வைத்து, சுற்றிலும் உள்ள ஆளுயரப் பொம்மைக் காட்சிகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிய, பதிவு செய்த குரல் கதை சொல்லும். கதை தெரியாதவர்களுக்குப் பரவாயில்லை, பழம்பொருள் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். அக்டோபரில் அன்றைய டிக்கெட் காலையிலேயே தீர்ந்துவிடும். அதன் எதிரே நீண்ட அங்கியும் தொப்பியுமாக நிற்கும் வெண்கலச் சிலையைச் சூனியக்காரர் என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் ஏராளம். அவர் 1626-ல் அந்தக் குடியிருப்பைத் தொடங்கிய ராஜர் கோனன்ட். மற்றபடி எசெக்ஸ் தெருவிலுள்ள மெழுகுப் பொம்மை, பேய்வீடு வகையறாக்களைத் தாராளமாக விட்டுவிடலாம். கறுப்பு மரப்பலகை அடித்த விட்ச் ஹவுஸ் மட்டும் அசல். நீதிபதி ஜோனதன் கார்வின் வாழ்ந்த வீடு அது. வழக்கோடு நேரடித் தொடர்புள்ள கட்டடங்களில் சேலத்தில் இன்று நிற்பது அது ஒன்றுதான். உள்ளே குறுகிய மாடிப்படி. கணவர் வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

உங்கள் பணத்துக்கும் நேரத்துக்கும் முழு மதிப்புள்ள இடம் பீபடி எசெக்ஸ் மியூசியம். குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். டிக்கெட் 25 டாலர் வாக்கில் ஆகும். பாஸ்டன் வட்டாரத்து நூலகங்கள் பல, உறுப்பினர்களுக்கு இதற்கான சலுகைச் சீட்டு தருகின்றன. மகனிடம் நூலக அட்டை இருந்தால் ஒரு வாரம் முன்பே பதிவு செய்யச் சொல்லுங்கள். லிஃப்ட், நாற்காலி, சுத்தமான கழிப்பறை எல்லாம் உண்டு. நடுப்பகலில் காலுக்கு ஓய்வு தரவும் இதைவிட நல்ல இடம் இல்லை.

1799-ல் அங்குள்ள கப்பல் தலைவர்கள் ஈஸ்ட் இந்தியா மரைன் சொசைட்டி என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ சுற்றிவந்த கப்பல் தலைவரும் சரக்குப் பொறுப்பாளரும் மட்டுமே உறுப்பினர் ஆகலாம். அவர்கள் ஆசியாவிலிருந்தும் பசிபிக்கிலிருந்தும் கொண்டுவந்து குவித்த பொருள்களிலிருந்து வளர்ந்ததுதான் இந்த மியூசியம். சங்கத்தின் 1825-ஆம் வருடத்து மண்டபம் உள்ளேயே இருக்கிறது. சீனாவின் ஹுய்சோ வட்டாரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய 16 படுக்கையறை வீடு ஒன்றும் உண்டு. அதற்குத் தனி நேரச்சீட்டு எடுக்க வேண்டும், வாசற்படிகள் உயரம். இந்திய நவீன ஓவியங்களில் செஸ்டர் - டாவிடா ஹெர்விட்ஸ் தம்பதியின் சேகரிப்பும் இங்கேதான் இருக்கிறது. சூனிய வழக்கில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஜேகப்ஸின் கைத்தடிகளும் இவர்கள் வசம். நீங்கள் போகும் நாளில் எது காட்சியில் இருக்கிறது என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடல் வணிகம்தான் சேலத்தின் நிஜமான கதை. நம் பக்கத்துக்கும் அதில் ஒரு மூலை உண்டு. 1790-ல் மக்கள்தொகையில் அமெரிக்காவின் ஆறாவது பெரிய நகரம் இது. சுமத்ராவிலிருந்து மிளகு, இந்தியாவிலிருந்து பருத்தித் துணி என்று கப்பல் கப்பலாக இறங்கியது. அந்த வருட டிசம்பர் கடைசியில், உள்ளூர்ப் பாதிரியார் வில்லியம் பென்ட்லி, மதராஸிலிருந்து வந்த ஒருவரை முதன்முதலாகப் பார்த்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நல்ல கறுப்பு நிறம், நீளமான கருங்கூந்தல், சாந்தமான முகம், உயரமும் வாட்டசாட்டமுமான உடம்பு என்று வர்ணித்தவர், பெயரை மட்டும் குறிக்கவில்லை. 1807-ல் வந்த ஏற்றுமதித் தடையும் பிரிட்டனோடு மூண்ட 1812 போரும் இந்த வணிகத்தை முறித்தன. கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போக, ஆழமில்லாத இந்தத் துறைமுகத்தை விட்டுச் சரக்கு பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்விட்டது.

மிச்சமிருப்பது டெர்பி வார்ஃப். கடலுக்குள் ஏறக்குறைய 800 மீட்டர் நீளும் பழைய கப்பல்துறை, முனையில் 1871-ஆம் வருடத்துச் சின்னக் கலங்கரை விளக்கம். தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, அனுமதி இலவசம். முனை வரை போய்வந்தால் ஒன்றரை கிலோமீட்டர் ஆகிவிடும், கணவர் தொடக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம். எதிரே 1819-ல் கட்டிய சுங்க மாளிகை. எழுத்தாளர் நத்தானியல் ஹாத்தோர்ன் வேலை பார்த்த இடம் அது. முன்னே சொன்ன நீதிபதியின் வம்சம்தான் இவரும். மாளிகையும், துறையில் கட்டிவைத்திருக்கும் ஃபிரெண்ட்ஷிப் என்ற மாதிரிக் கப்பலும் மராமத்துக்காக அவ்வப்போது மூடப்படும். வெளியிலிருந்து பார்ப்பதற்குத் தடை இல்லை.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் ஹவுஸ் ஆஃப் த செவன் கேபிள்ஸ், 1668-ல் ஒரு கப்பல் தலைவருக்குக் கட்டிய மரவீடு. புகைபோக்கியை ஒட்டி ஆள் நுழையும் அகலமே உள்ள ரகசியப் படிக்கட்டு ஒன்று மேலே ஏறும். நீங்கள் ஏறலாம், கணவர் வேண்டாம். அவருக்குத் தோட்டத்துக்கு மட்டுமான சீட்டு போதும். துறைமுகம் பார்த்த பெஞ்சுகள் அங்கே நிறைய. உங்கள் சீட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் இரண்டு பொறிகள் உண்டு. கிளாம் சௌடர் என்ற வெள்ளைச் சூப்பில் சிப்பியோடு பன்றிக் கொழுப்பும் சேர்ப்பது வழக்கம். பேக்டு பீன்ஸ் சைவமாகத் தெரியும், ஆனால் பழைய முறையில் உப்புப் பன்றியிறைச்சி போட்டுத்தான் வேகவைப்பார்கள். வெஜிடபிள் சூப் என்று எழுதியிருந்தாலும் கோழித் தண்ணீரா என்று கேளுங்கள். பீட்ஸா, தாய், மெக்சிகன் கடைகளில் சமாளித்துக்கொள்ளலாம். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவது இதைவிட உத்தமம். சேலம் காமன் என்ற பெரிய புல்வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம். துறைமுகத்தில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், கடற்பறவை கையிலிருந்தே பிடுங்கும். பகலில் 15 டிகிரி இருந்தாலும் கடலோரக் காற்று குத்தும், காதை மூடும் குல்லா ஒன்று பையில் இருக்கட்டும்.

இரவுப் பேய்க்கதை நடைகளுக்கு நிற்க வேண்டாம். ஒன்றரை மணி நேரம் நின்றபடியே கேட்க வேண்டும், கேட்பதில் பாதி புனைவு. மகன் இன்னொரு நாள் கார் எடுத்தால், பக்கத்து டான்வர்ஸுக்குப் போகச் சொல்லுங்கள். 1692-ல் சேலம் கிராமம் என்றிருந்தது அந்த ஊர்தான். பிரச்சினை தொடங்கியதும் அங்கேதான். தூக்கிலிடப்பட்ட ரெபெக்கா நர்ஸ் என்ற மூதாட்டியின் பண்ணை வீடு வயல்களுக்கு நடுவில் நிற்கிறது. ரயில் அங்கே போவதில்லை.

காலையில் சேலத்தில் இறங்கியதுமே திரும்பும் ரயில்களின் நேரத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில வேளைகளில் ஒன்றை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான். நான்கு மணியை ஒட்டிய ரயிலைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.