திம்பம் ஏறும்போது மட்டும் கார் சூடாகிறதா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள்

கோபியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "பத்து வருடமான டீசல் கார். மகளைத் தாளவாடியில் கட்டிக் கொடுத்திருப்பதால் மாதம் இரண்டு தடவை திம்பம் மலை ஏற வேண்டியிருக்கிறது. சத்தியமங்கலம் வரை ஒன்றும் தெரிவதில்லை. பண்ணாரி தாண்டிப் பத்துப் பன்னிரண்டு வளைவு ஏறியதும் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. கேனில் வைத்திருக்கும் போர் தண்ணியை ஊற்றி ஓட்டுகிறேன். ஒழுகல் எதுவும் கண்ணில் படவில்லை. பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?"

வேண்டாங்க. இன்ஜின் 85 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அதை எடுத்துவிட்டால் சமவெளியில் இன்ஜின் சூடேறாமல் டீசலைக் குடிக்கும். சில இன்ஜின்களில் அதைவிட மோசம்: பைபாஸ் வழி அடைபடாமல் திறந்தே கிடப்பதால், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளுக்குள் சுற்றும், மலையில் சூடு இன்னும் கூடும். சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். வாய் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது மாட்டுங்கள்.

ஆனால் உங்கள் வண்டியில் வியாதி அங்கே இல்லை என்றுதான் நினைக்கிறேன். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தால் கோபியைத் தாண்டும் முன்பே முள் ஏறியிருக்கும். சமவெளியில் எண்பதில் போகும்போது எதிர்க்காற்றே பாதி சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும், திம்பத்தின் 27 வளைவுகளிலோ இரண்டாவது கியரில் இன்ஜின் முக்கிக்கொண்டு ஏறும், காற்று இருக்காது, ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் மட்டும்தான் காப்பாற்ற வேண்டும். அரைகுறையாக அடைத்த ரேடியேட்டர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அடைத்தது எது? நீங்கள் ஊற்றிய போர் தண்ணிதான் என்பது என் கணிப்பு. வீட்டில் சுடுதண்ணி அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். சிறுவாணித் தண்ணீர் என்றாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான்.

முதலில் செலவில்லாததைப் பாருங்கள். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா? ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். திருப்பூர், பல்லடம் பக்கம் ஓடும் வண்டிகளில் பஞ்சும் தூசியும் மெத்தை மாதிரி ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

அடுத்து ரேடியேட்டர் மூடி. ஒழுகல் இல்லாமல் தண்ணீர் குறைகிறது என்றால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் கொதித்து ஆவியாக வெளியேறிவிடும். மாற்றும்போது பழையதில் போட்டிருக்கும் அழுத்த எண்ணையே வாங்குங்கள்.

பிறகு ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்போதே வாட்டர் பம்பையும் பார்த்துவிடலாம். போர் மோட்டார் வைத்திருப்பவருக்கு, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை: பெல்ட் சுற்றும், தண்ணீர் தள்ளாது.

இத்தனைக்கும் பிறகும் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு, போயிருக்கலாம். காலையில் ஆறின இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் பாருங்கள், விடாமல் குமிழ் வந்தால் இன்ஜினில் எரிந்த கேஸ் தண்ணீருக்குள் போகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி படிந்திருந்தாலும் அதே கதைதான். ஆயிலும் தண்ணீரும் கலந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டோ செய்யுங்கள்.

அதுவரை திம்பம் ஏறாமல் இருப்பது உத்தமம். வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள், உள்ளே வெந்துபோவீர்கள், ஆனால் இன்ஜின் கொஞ்சம் பிழைக்கும். நின்ற பிறகு குறைந்தது அரை மணி நேரம் மூடியில் கை வைக்கக் கூடாது. சூடான ஹெட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும். அந்த அரை மணி நேரமும் யானை நடமாடும் காட்டு ரோட்டில், பின்னால் லாரி ஹாரன் அடிக்க நிற்க வேண்டியிருக்கும். மகளைப் பார்க்க இரண்டு வாரம் பஸ்ஸில் போய் வாருங்கள்.