14 பேர், ஒரே கோர்ட்: லீக்கை எப்படி நடத்துவது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் 14 பேர் ஒரே கோர்ட்டில் டென்னிஸ் ஆடுகிறோம். வயது 24 முதல் 58 வரை. ஒருவர் பள்ளிக் காலத்தில் மாநில அளவில் ஆடியவர். ஐந்தாறு பேர் போன வருடம்தான் ராக்கெட் பிடித்தார்கள். சென்ற லீக்கில் ஒரு கேம்கூட எடுக்காமல் 6-0, 6-0 என்று தோற்ற மூவர் அப்புறம் கோர்ட் பக்கமே வரவில்லை, இப்போதுதான் பேசி அழைத்து வந்திருக்கிறோம். வெளியூர்க்காரர் ஒருவர், தலைக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் எல்லாருக்கும் ரேட்டிங் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்) போட்டு லீக் நடத்தித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 1,680 வெள்ளிக்கு உங்களுக்குக் கிடைக்கப்போவது ஓர் அட்டையும் ஒரு பேனரும்தான். பத்து நிமிடம் பந்தடிப்பதைப் பார்த்துவிட்டு 3.5, 4.0 என்று எழுதித் தருவார். அந்த எண்கள் அமெரிக்காவில் புழங்கும், 1.0 முதல் 7.0 வரை போகும் அளவுகோல். அங்கேயே புதிதாகச் சேர்பவர் தனக்குத் தானே எண் போட்டுக்கொள்கிறார், பிறகு ஆட்ட முடிவுகள்தாம் அதைத் திருத்துகின்றன. முடிவுகளே இல்லாமல் ரேட்டிங் ஏது?

உங்களில் மூன்று பேர், ஒருவரை ஒருவர் கேட்காமல், 14 பெயரையும் வரிசைப்படுத்தி எழுதுங்கள். மூன்று பட்டியலிலும் ஒவ்வொருவருக்கும் கிடைத்த இடத்தைக் கூட்டுங்கள், கூட்டல் குறைந்தவர் மேலே. அதுதான் உங்கள் ரேட்டிங், செலவில்லை.

அந்த வரிசையை 5, 5, 4 என்று மூன்று குழுவாக வெட்டுங்கள். எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் 91 ஆட்டம், ஒரே கோர்ட்டில் அது முடியாத கதை. குழுவுக்குள் மட்டும் ஆடினால் 10, 10, 6, ஆக 26. சனி, ஞாயிறு காலையிலும் வாரத்தில் ஒரு மாலையிலும் இரண்டிரண்டு ஆட்டம் வைத்தால் ஐந்து வாரத்தில் முடியும். இந்தச் சுற்று முடிந்ததும் ஒவ்வொரு குழுவிலும் முதல் ஆள் மேலே, கடைசி ஆள் கீழே. மாலையை நம்பாதீர்கள், மழை வரும்.

ஆறு கேம் எடுத்தால் ஒரு செட் என்ற கணக்கை விடுங்கள். ஒரு மணி நேரம் கடிகாரத்தை வைத்து ஆடி, ஜெயித்த ஒவ்வொரு கேமுக்கும் ஒரு புள்ளி. 40-40 வந்தால் ஒரே பாயிண்டில் முடிவு. 9-3 என்று தோற்றவர் மூன்று புள்ளியோடு வீட்டுக்குப் போவார். சும்மா போகவில்லை என்பதே பெரிய விஷயம், ஐயா.

இனி அந்த மாநில ஆட்டக்காரர். அவரை எந்தக் குழுவில் போட்டாலும் மற்றவர்கள் பந்து பொறுக்குவார்கள். அவர் ஆடும் ஒவ்வொரு கேமையும் எதிராளிக்கு 15-0 என்று, அதாவது ஒரு பாயிண்ட் முன்னதாகவே கொடுத்து, தொடங்குங்கள். அதற்கும் மசியவில்லையா, இரண்டு பாயிண்ட், 30-0. பிறகும் ஊதித் தள்ளினால் இரண்டாவது சர்வை எடுத்துவிடுங்கள். முதல் சர்வ் தவறினால் பாயிண்ட் போச்சு. இதை ஆட்டத்துக்கு நடுவில் மாற்றக்கூடாது, சுற்று முடிந்துதான் மாற்ற வேண்டும். அவர் முகம் சுளித்தால், 'உங்களுக்குத்தான் அண்ணே பரீட்சை' என்று சொல்லிப் பாருங்கள், நல்ல ஆட்டக்காரர் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாதவரை டபுள்ஸில் மிகப் புதியவரோடு சோடி சேர்த்துவிடுங்கள்.

புதியவர்களின் குழுவுக்குப் பச்சைப் புள்ளி போட்ட பந்து வாங்குங்கள். சாதாரணப் பந்தைவிட வேகம் சுமார் கால் பங்கு குறைவு, திருப்பி அடிக்க நேரம் கிடைக்கும். மற்றவர்களுக்குக் காற்றழுத்தத்தோடு டின்னில் அடைத்த சாதாரணப் பந்து. மூடியை இழுக்கும்போது 'உஸ்' என்று வராவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். மலிவு விலையில் மூட்டையாகப் பந்து தருகிறேன் என்று வருபவர்களிடம் பழைய பயிற்சிப் பந்துதான் இருக்கும். வலையின் உயரத்துக்கு டேப் தேடி அலைய வேண்டாம். ஒரு ராக்கெட்டை நட்டு நிறுத்தி, அதன்மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்குவாட்டில், அதன் அகலம் மேல்நோக்கி நிற்கும்படி வையுங்கள். நடுவலையின் 91.4 சென்டிமீட்டர் ஏறக்குறைய வந்துவிடும்.

சங்கமாகப் பதிய நினைத்தால், 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு ஆணையரிடம் போக வேண்டும், சங்கப் பதிவிலாகாவுக்கு அல்ல. தவறாகப் பதிவிலாகாவுக்குப் போய்ப் பாதி நாள் வரிசையில் நின்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கோர்ட் முன்பதிவு இன்னும் மோசம். ஒரு கவுண்டரில் படிவம், இன்னொன்றில் பணம், விளக்குச் சாவி வைத்திருப்பவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் நாங்கள் ஒரு காலத்தில் இப்படி ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தோம். அவர் கோர்ட்டைத் தம் பெயரிலேயே பதிந்திருந்தார். சண்டை வந்து விலகியபோது எங்கள் சனிக்கிழமைக் காலையும் அவரோடு போய்விட்டது. ஆகவே, இந்த வாரமே போய் ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.