கலயத்தோடு நீங்கள் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரி

கேள்வி: மலேசியாவில், பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே மண்கலயங்கள் செய்து ஷொப்பி இணையச் சந்தையிலும் ஃபேஸ்புக்கிலும் விற்கிறேன். மூலிகை ஊறவைக்கும் கலயம், திருஷ்டிக் கலயம், தூபக்கால் எல்லாம் உண்டு. ஈப்போவிலிருந்து ஒரு பெண் 680 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினார். இரண்டு மாதம் கழித்து, தன் அம்மாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு) குறையவில்லை, வீட்டுக் கஷ்டமும் தீரவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்டார். இன்னும் சக்தியுள்ள கலயம் 400 வெள்ளிக்குத் தருகிறேன் என்றேன். அவர் மறுத்துவிட்டு, என் படத்தைப் போட்டு 'ஏமாற்றுக்காரி' என்று எழுதிவிட்டார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று நான் முன்பே போட்டிருக்கிறேன். அவர் மேல் மானநஷ்ட வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் போடாதீர்கள்.

அவர் நள்ளிரவில் அழைத்தது, உங்கள் கைவேலையை இழிவாகப் பேசியது எல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எந்த நீதிபதிக்கும் அது தேவைப்படாது. நீங்கள் அனுப்பிய விளம்பரப் படத்தில், 'இந்தக் கலயத்தில் ஊறிய மூலிகை நீரைக் குடித்தால் 48 நாளில் இனிப்புநீர் கட்டுக்குள் வரும்' என்று இருக்கிறது. வழக்கே அந்த வரிதான்.

மண்கலயம் எப்படி மருந்தாகும் என்று கேட்பீர்கள். மருந்து விளம்பரம், விற்பனை பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டம், பொருள் எதுவானாலும் அதை நோய்க்குத் தீர்வாகப் பயன்படுத்தத் தூண்டும் விளம்பரத்தைத் தடுக்கிறது. தடைப்பட்டியலில் உள்ள 20 நோய்களில் நீரிழிவும் ஒன்று. முதல் முறைக்கே 3,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. தவறான தகவல் சொல்லி விற்கும் தனிநபருக்கு 1,00,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. எதற்கு உகந்தது என்று சொல்லி விற்றீர்களோ, அதற்கு நீங்கள் உத்தரவாதம் கொடுத்ததாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'திரும்பப் பெறப்படாது' என்ற பலகை அதற்கு எதிரே நிற்காது. அப்படிச் சட்டத்திலிருந்து நழுவப் பார்ப்பதே ஒரு குற்றம்.

மானநஷ்ட வழக்குப் போட்டால், தான் எழுதியது உண்மை என்று நிரூபிக்க அவருக்கு நீங்களே மேடை போட்டுக் கொடுக்கிறீர்கள். அவர் கொண்டுவரப்போகும் முதல் ஆவணம் உங்கள் விளம்பரம்.

ஆனால் எனக்குக் கவலை அந்த 400 வெள்ளிக் கலயம். என்னிடம் வரும் விற்பனையாளர்கள் சிக்குவது பெரும்பாலும் முதல் விற்பனையில் இல்லை. புகார் வந்த பிறகு வாட்ஸ்அப்பில் எழுதுவதில்தான். 'இன்னும் ஒரு மண்டலம் பாருங்கள்', 'நம்பிக்கை இல்லாமல் பயன்படுத்தினீர்கள்', 'உங்களுக்குத் தோஷம் கூட இருக்கிறது, வேறு பரிகாரம் தருகிறேன்' என்றெல்லாம் எழுதுவார்கள். முதல் விற்பனையை நம்பிக்கையோடு செய்தேன் என்று சொல்லலாம். பலிக்கவில்லை என்று ஒருவர் சொன்ன பிறகும் அதே வாக்குறுதியைக் கூடுதல் விலைக்கு நீட்டினால், ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று போலீஸ் சொல்வது சுலபம். குற்றவியல் சட்டம் 420ஆம் பிரிவில் குறைந்தது ஓராண்டு சிறை, அதிகபட்சம் 10 ஆண்டு, அபராதமும் உண்டு. பிரம்படியும் அதில் இருக்கிறது, ஆனால் பெண்களுக்குக் கிடையாது. நல்லவேளை, அவர் வாங்கவில்லை. இனி அவருக்கு ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

அவர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக 5 வெள்ளி போதும். அங்கே வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது. நீங்களே நின்று கலயத்தின் மகிமையை விளக்குவீர்கள், அதுவும் பதிவாகும். ஆகவே 680 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள், அனுப்பும் செலவோடு. தவறை ஒப்புக்கொள்ளாமல், பிரச்சினையை முடித்துக்கொள்வதற்காகத் தருகிறேன் என்று எழுதி, உங்களைப் பற்றிப் போட்ட பதிவை அவர் நீக்குவதாக இருவரும் கையெழுத்திடுங்கள். 'எந்த அரசு இலாகாவிலும் புகார் கொடுக்கமாட்டேன்' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். குற்றப் புகாரைப் பணம் கொடுத்து அடக்கும் ஒப்பந்தம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அந்தத் தாளே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

விளம்பரத்தை இன்றே எடுங்கள், ஆனால் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமும் ஒன்று இருக்கும். 'நான் அப்படி எழுதவே இல்லை' என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வாடிக்கையாளர்கள் 'சுகர் இறங்கிவிட்டது' என்று எழுதியதை நீங்கள் பகிர்ந்திருந்தால், அவையும் உங்கள் விளம்பரம்தான். அவற்றையும் எடுங்கள்.

திருஷ்டிக் கலயத்தை விற்பதில் தவறில்லை. 'வாசலில் தொங்கவிடுவது நம் வழக்கம்' என்று எழுதலாம். 'தொங்கவிட்டால் கடன் அடையும்' என்று எழுதாதீர்கள். பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைகளில் தூபக்கால் வாங்குகிறவர் யாரும் கடைக்காரரிடம் உத்தரவாதம் கேட்பதில்லை, அவரும் கொடுப்பதில்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. படத்தில் மூலிகைக் கலயத்தின் உட்புறம் பளபளக்கிறது. சில கிளேஸ்களில் (பளபளப்புப் பூச்சுகளில்) ஈயம் இருக்கும். புளிப்பான கஷாயம் ஊறினால் அது கரைந்து இறங்கும். உணவுப் பாத்திரத்தில் அதற்கு வரம்பு உண்டு. ஆய்வுக்கூட அறிக்கை கைக்கு வரும்வரை அந்தக் கலயத்தை அலங்காரப் பொருளாக மட்டும் விற்கவும். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் அதில் எதையும் ஊறவைத்துக் குடிக்க வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடவும்.