பயனீட்டாளர் கேள்வி-பதில்: கணக்கு யார் கையில்?

மகள் ஐந்தாம் படிவம். சான்றிதழ், ஓவியம், அறிவியல் திட்டம் எல்லாம் போட்டு மின்தொகுப்புத் தளம் செய்து தருவதாக ஒருவர் 180 ரிங்கிட் வாங்கினார். இப்போது ஆண்டுக்கு 60 கேட்கிறார். கடவுச்சொல்லையும் தர மறுக்கிறார்.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

உங்கள் மேல் தவறில்லை அம்மா. அவர் தளத்தை மூடுவதற்குள், இன்றே ஒவ்வொரு பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். படங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கணக்கை மாற்றித் தரும்படி புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுத்தாகவே கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், 3 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. பணம் கட்டிய சீட்டையும் புலனச் செய்திகளையும் பத்திரமாக வையுங்கள்.

இலவசமாகக் கிடைப்பதைத் தோட்டத்துப் பெற்றோரிடம் காசுக்கு விற்கும் இந்த வியாபாரம் எனக்கு வெகுநாள் கோபம். இணையத்தளம் அமைத்துத் தரும் கூகுள் சைட்ஸுக்கு ஒரு காசும் வேண்டாம். மகளின் சொந்த ஜிமெயிலில் திறந்து, முகப்பு, சான்றிதழ், படைப்பு என்று மூன்று பக்கம் போட்டால் ஒரு மாலையில் முடிந்துவிடும். பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: தளத்தை வெளியிடுவார்கள், கூகுள் டிரைவ் சேமிப்பகத்தில் உள்ள சான்றிதழுக்குத் தனியாகப் பார்வை அனுமதி தர மறந்துவிடுவார்கள். திறப்பவருக்கு ‘அனுமதி கேளுங்கள்’ என்றுதான் வரும். முடித்ததும் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் திறந்து பாருங்கள், அங்கே தெரிந்தால் எல்லாருக்கும் தெரியும். சான்றிதழில் அடையாள அட்டை எண் இருந்தால் மறைத்த பிறகே ஏற்றுங்கள்.

பள்ளி தந்த டெலிமா கற்றல் தளக் கணக்கில் நான்கு ஆண்டு வேலை இருக்கிறது. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாமா?
– மாணவன், பீடோர்

வேண்டாம் தம்பி, இப்போதே எடு. பள்ளிக் கணக்கு பள்ளியோடு போய்விடும் என்றே வைத்துக்கொள். கணினியில் இறக்கி, உன் சொந்தக் கூகுள் கணக்கில் ஏற்று. இலவச இடம் 15 ஜிபி, அதில் ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு. நிரம்பினால் மின்னஞ்சலே வராது. அதனால் காணொளிகளைத் தனி வட்டில் வை. கோப்புப் பெயரைத் தேதியில் தொடங்கு: 2025-03-14-அறிவியல். அப்போதுதான் வரிசை தானாக நிற்கும்.

படிப்புச் செயலியை நீக்கிய பிறகும் அட்டையில் பணம் பிடிக்கிறார்கள்!
– தந்தை, தாப்பா

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, கட்டணமும் சந்தாவும் என்ற பகுதியில் ரத்து செய்யுங்கள். பணம் பிடித்து 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். இலவசச் சோதனைக்கு அட்டை எண்ணைக் கொடுக்கும் முன் படித்திருக்க வேண்டிய வரி இது.

29 ரிங்கிட்டுக்கு 2 டிபி பென்டிரைவ் வாங்கினேன். மாணவர் படங்களில் பாதி திறக்கவில்லை.
– ஆசிரியை, தெலுக் இந்தான்

ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். நானும் இப்படி ஒன்று வாங்கிப் படங்களைத் தொலைத்தவன். உள்ளே இருப்பது சில ஜிபி சிப்தான், கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். கொள்ளளவு தாண்டியதும் கோப்பின் பெயர் மட்டும் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. மிச்சப் படங்களை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். அது பென்டிரைவை நிரப்பித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லும். அந்தத் திரையைப் படம் பிடித்து, விற்ற தளத்தில் உடனே பணம் திருப்பக் கேளுங்கள். அடுத்த முறை சோதித்த பிறகே ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை அழுத்துங்கள்.

மூன்றாம் ஆண்டு மகனின் பள்ளித் தாள்களை ஒழுங்காக வைக்க எந்தச் செயலி வாங்கலாம்?
– பெற்றோர், பாகான் டத்தோ

எதுவும் வேண்டாம். ஒரு காகிதக் கோப்பு, ஐந்து பிரிப்பு அட்டை போதும்.