விளையாட்டும் களைப்பும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

சேலத்தில் குகை என்ற பகுதியில் வசிக்கிறேன். பகலில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகங்கள் எழுதும் வேலை. இரவில் கைபேசிச் செயலி ஒன்றில் தொடர்கதை, வாரத்துக்கு ஐந்து அத்தியாயம். மூன்று ஆண்டுகளாக ஒரு வாரம்கூட விட்டதில்லை. இப்போது சில மாதங்களாக மடிக்கணினியைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிறது. "அடுத்த பகுதி எப்போது?" என்று வாசகர்கள் கேட்டால் எரிச்சல் வருகிறது. எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்தால், எனக்கு எழுதவே தெரியாதோ என்று சந்தேகம் வருகிறது.

படம் வரை, களிமண்ணில் ஏதாவது செய், கொஞ்சம் விளையாடு, சரியாகிவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். அந்த நேரத்தில் ஓர் அத்தியாயம் எழுதிவிடலாமே என்று தோன்றுகிறது. முப்பத்தொரு வயதில் களிமண் பிசைவது சிறுபிள்ளைத்தனமாகவும் இருக்கிறது. செய்வதென்றால் முறையாகச் செய்யலாம் என்று வகுப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் தேடிப் பார்த்தேன். விளையாட்டு உண்மையிலேயே உதவுமா?

க., சேலம்

அன்புள்ள க.,

உதவும். ஆனால் உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதை முதலில் பேசிவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இந்தப் 'பர்ன் அவுட்' நிலையை விவரித்தது. அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் நாள்பட்டு, அதைச் சமாளிக்க வழியில்லாமல் போகும்போது வருவது என்று சொன்னது. மூன்று அடையாளங்களையும் கொடுத்தது: சக்தியெல்லாம் வடிந்துபோவது, செய்கிற வேலையின் மீதே விலகலும் கசப்பும் வருவது, நம்மால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். வயிற்றைப் பிசைகிறது, எரிச்சல் வருகிறது, எழுதவே தெரியாதோ என்று தோன்றுகிறது என மூன்றையும் அதே வரிசையில் எழுதியிருக்கிறீர்கள்.

காரணம் வேலையில் இருக்கும்போது களிமண் என்ன செய்யும்? பகல் வேலைக்கு மேல் வாரம் ஐந்து அத்தியாயம் என்பது யாருக்கும் அதிகம். ஐந்தை இரண்டாக்குங்கள். வருமானம் குறையும், வாசகர்களில் சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, எவ்வளவு குறைத்தால் தாங்கும் என்று முடிவு செய்யுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, ஆளை நசுக்குகிற வேலையை அப்படியே வைத்துக்கொண்டு, மாலையில் வண்ணம் தீட்டு என்று சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லாத அறிவுரை. முதலாளிகளுக்கு மட்டும் அது மிகவும் வசதியானது.

இனி விளையாட்டுக்கு வருகிறேன்.

உங்கள் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். பகலில் எழுதும் ஒவ்வொரு வரியையும் வாடிக்கையாளர் பார்க்கிறார். இரவில் எழுதுவதை எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை நட்சத்திரம் போட்டார்கள், எந்த இடத்தில் பாதியில் விட்டுப் போனார்கள் என்று செயலி எண்ணிச் சொல்கிறது. காலையிலிருந்து இரவு வரை உங்கள் கை செய்கிற எதுவும் அளவுகோலுக்குத் தப்புவதில்லை. எழுதுகிறவர்கள் பலரும் எழுத்தால் களைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அவர்களைக் களைக்க வைப்பது பெரும்பாலும் இந்த இடைவிடாத அளத்தல்தான் என்பது என் எண்ணம்.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அமெரிக்காவில் நடந்த ஒரு பழைய சோதனையைச் சொல்வேன். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் நாடா ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் அதே வண்ணப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே அவற்றைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பரிசை மட்டும் குறை சொல்ல முடியாது. 'இதற்காக இது' என்று முன்னாலேயே பேசிக்கொண்ட ஒப்பந்தம்தான் ஆசையைத் தின்றது.

அதனால்தான் நீங்கள் வகுப்பு தேடிய செய்தி எனக்குக் கவலை தருகிறது. வகுப்பு என்றால் வேறென்ன, பாடத்திட்டமும் தேர்ச்சியும் கடைசி நாளில் ஒரு சான்றிதழும்தானே? 'விளையாடினால் நன்றாக எழுதலாம்' என்ற அறிவுரையிலும் இதே ஒப்பந்தம் ஒளிந்திருக்கிறது. களிமண் பிசையும்போது உள்ளே ஒருவன் உட்கார்ந்துகொண்டு, கதைக்கு ஏதாவது தேறியதா என்று கேட்டுக்கொண்டே இருந்தால், அது இன்னொரு அலுவலகம்.

நாங்கள் நண்பர்கள் சிலர் ஏற்காடு போகும்போது பஸ்ஸில் ஒரு விளையாட்டு விளையாடுவோம். சேலத்திலிருந்து மலையேறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவில் ஒரு சொல்லில் கதையைத் தொடங்க வேண்டும். இரண்டாம் வளைவில் இரண்டு சொல், மூன்றாவதில் மூன்று. ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டே போக வேண்டும், கதை அறுந்துபோகக் கூடாது. ஒரு தடவை இப்படிப் போனது: "குரங்கு." "குரங்கு கேட்டது." "டிக்கெட் எங்கே என்று." "நடத்துனர் தன் பையைத் துழாவினார்." "பையில் பழத்தோல் மட்டும்தான் மிச்சம் இருந்தது." பத்து வளைவுக்கு மேல்தான் வேடிக்கை. வாக்கியம் நீண்டுகொண்டே போகும், யோசித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த வளைவில் திரும்பிவிடும். சொற்களை விரல்விட்டு எண்ணுகிற அவசரத்தில் குரங்கு ஆட்சியராகும், ஆட்சியர் மிளகுக் கொடியில் ஏறுவார். பக்கத்து இருக்கைக்காரர்கள் முதலில் முறைப்பார்கள், பிறகு சொல் எடுத்துக் கொடுப்பார்கள். இறங்கும்போது தலைகீழ். இருபது சொல்லில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழித்து, அடிவாரத்துக்கு வரும்போது ஒரே சொல்லில் கதையை முடிக்க வேண்டும். ஏறுவதைவிட இது கடினம்.

ஒரு முறை எங்களில் ஒருவர், நன்றாக வருகிறதே, வீணாகப் போக வேண்டாம் என்று கைபேசியில் பதிவு செய்யத் தொடங்கினார். அவ்வளவுதான். எல்லோருக்கும் தொண்டை கனத்துவிட்டது. குரங்குக்கு வாழ்க்கைத் தத்துவம் வந்தது. கதை ஆறாம் வளைவைத் தாண்டவில்லை, ஜன்னல் வழியாகக் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தோம்.

சொல்லோடு விளையாடுவது தமிழுக்குப் புதிது அல்ல. பதிகம் பதிகமாகப் பாடிய ஞானசம்பந்தர், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுப் பாடல்களையும் பாடியிருக்கிறார், மூன்றாம் திருமுறையில் இருக்கின்றன. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், இப்படி எழுத்தையும் சொல்லையும் வித்தையாக அடுக்கும் சித்திரகவிக்கு இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறது. இதெல்லாம் வெறும் வித்தை, கவிதை ஆகாது என்று முகம் சுளிக்கிற தீவிர இலக்கியவாதிகளை எனக்குத் தெரியும். அவர்களும் ஒரு தடவை அந்த பஸ்ஸில் வரலாம்.

ஆனால் உங்களுக்கு இப்போது சொல் வேண்டாம். சொல்லே கசக்கிறவனுக்குச் சொல் விளையாட்டும் வேலையாகத்தான் தெரியும். கைக்கு வேறு பொருள் வேண்டும். தாகூரின் கையெழுத்துப் படிகளில் இதைப் பார்க்கலாம். அடித்துத் திருத்திய வரிகளை அப்படியே விடாமல் ஒன்றோடொன்று இணைத்துப் பறவையாகவும் பெயர் தெரியாத விலங்காகவும் ஆக்கியிருப்பார். 1924இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்த காலத்துக் குறிப்பேட்டில் இப்படி நிறைய. அவர்கூடக் கடைசியில் 1930இல் பாரிஸில் ஓவியக் கண்காட்சி வைத்தாரே என்று நீங்கள் கேட்கலாம். வைத்தார், எழுபதை நெருங்கும் வயதில். கவிதையில் சரியாக வராத வரியின்மேல் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தபோது பாரிஸ் அவர் மனத்தில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வயதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். குகையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? ஆடித் திருவிழாவில் உங்கள் தெருக்களில்தானே வண்டி வேடிக்கை நடக்கிறது? வண்டியை அலங்கரித்து, முகத்துக்கு நீலம் பூசி, கிரீடம் வைத்துச் சிவனும் கண்ணனும் அம்மனுமாக உட்கார்ந்து வருகிறவர்களில் எத்தனையோ பேர் மறுநாள் தறிக்கும் கொலுசுப் பட்டறைக்கும் போகிறவர்கள். அதை விளையாட்டு என்று சொன்னால் ஊரார் சண்டைக்கு வருவார்கள், வழிபாடு அது. இருந்தாலும் அந்த அட்டைக் கிரீடத்தை ஒட்டி, ஜிகினா தூவி, மீசை வரைந்து கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும்போது அவர்கள் முகத்தில் இருப்பதை நீங்கள் என்னைவிட அருகில் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் யாரும் வயதைக் கேட்பதில்லை. அடுத்த ஆடிக்கு உங்கள் தெரு வண்டியில் காகிதம் வெட்டுகிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பெயர் எங்கும் வராது.

களிமண்ணுக்கு வகுப்பு வேண்டாம். அகல்விளக்கும் அடுப்பும் செய்யும் குயவர் யாரிடமாவது கேட்டால் ஒரு உருண்டை தருவார்கள். ஈரத்துணி சுற்றி வைத்தால் பல நாள் கெடாது. யானை செய்யுங்கள், பன்றி மாதிரி வந்தால் பன்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கலைத்துப் பிசைந்து மறுபடி உருட்டிவிடுங்கள், சூளையில் சுட வேண்டாம். படம் எடுத்து எனக்கு அனுப்பவும் வேண்டாம். அனுப்பினால் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன், நீங்கள் அடுத்ததை எனக்காகச் செய்ய ஆரம்பித்துவிடுவீர்கள்.

அன்புடன்,
அக்கா