வீட்டை அடமானம் வைக்காதீர்கள் ஐயா

கடைசி வருஷம் பி.எஸ்சி. ஊட்டச்சத்தியல் படிக்கும் மகளை, பாளையங்கோட்டை வீட்டை அடமானம் வைத்து 14 லட்சம் கட்டி, பெங்களூரில் மார்க்கெட்டிங் எம்.பி.ஏ. சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் வேண்டாம்.

உங்கள் அண்ணன் காட்டிய விளம்பரத்தில் '100 சதவீத வேலைவாய்ப்பு' என்று போட்டிருக்கிறதாமே. 1985-இல் தொடங்கிய இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் கல்வி விளம்பரங்களுக்கென்றே விதி வைத்திருக்கிறது. ஆதாரம் இல்லாமல் அப்படிச் சொல்லக் கூடாது. எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம் என்று அந்தக் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அண்ணனிடமே அதைக் காட்டிவிடுங்கள்.

மகளைப் பற்றி ஒரு குறை சொல்லியிருக்கிறீர்கள்: கடையில் சத்துமாவு டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்கிறாள், கடைக்காரரிடம் வம்பு பண்ணுகிறாள் என்று. ஐயா, அந்த வம்புக்குச் சம்பளம் தருகிறார்கள். உணவு, மருந்து, அழகுசாதன நிறுவனங்களில் ஒரு விளம்பரம் வெளியே போகும் முன் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும் ஆட்கள் உண்டு. ஒரு டப்பாவில் 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று வருகிறது. உள்ளே பேரீச்சம்பழ விழுது. சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்கு அதைப் போட்டிருந்தால் 2018 உணவு விளம்பர விதிமுறைப்படி அந்த வரி நிற்காது. இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஊட்டச்சத்தியல் படித்த கண் வேண்டும். 'நீரிழிவைக் குணமாக்கும்' என்று ஒரு மருந்து விளம்பரம் வந்தால் 1954-ஆம் வருஷச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. பிரபலம் வந்து நடித்தாலும் தப்பிக்க முடியாது. 2019 நுகர்வோர் சட்டத்தில் முதல் தவறுக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அதனால்தான் நிறுவனங்களுக்கு இப்படி ஒரு ஆள் தேவைப்படுகிறது.

வழி என்ன? பட்டம் முடித்ததும் மூன்று வருஷ எல்எல்.பி. திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. தினமும் வீட்டுச் சாப்பாடு. கட்டணம் உங்கள் 14 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. படிக்கும்போதே நுகர்வோர் ஆணையத் தீர்ப்புகளை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். விடுமுறையில் ஏதாவது உணவு நிறுவனத்தின் தரப் பிரிவில் பயிற்சிக்குப் போகட்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆரம்பச் சம்பளம் பிரமாதமாக இருக்காது. நல்ல இடங்கள் மும்பை, பெங்களூரு பக்கம்தான் அதிகம். பிறகு வெளியூர் போக வேண்டி வரும். கல்யாண வீட்டில் 'பொண்ணு என்ன பண்றா' என்று கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லவும் முடியாது. அது உங்களுக்கும் அண்ணனுக்கும் உள்ள சங்கடம், அவளுக்கு இல்லை.

அவளுக்குச் சட்டம் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் யாராவது கேட்டீர்களா? கேட்டுவிட்டு அடுத்த முறை அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.